வெள்ளிக்கிழமைச் சந்தேகங்கள்

செப்டம்பர் 4, புதன்

இன்று வேலை தொடங்கியது. எத்தனை பதிவு முடித்தேன், எது நின்றது என்று குறித்துவைக்க மட்டும் இந்த நோட்டு. சொந்த விஷயம் எழுதுவதாக உத்தேசமில்லை.

புத்தகம், பனியுகம் வடக்கு ஜெர்மனியில் விட்டுப்போன நிலவடிவங்களைப் பற்றிய கையேடு. மொத்தம் 412 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கத்திலிருந்து இரண்டு பக்கம் வரை விளக்கம். ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஜனவரி இறுதிக்குள் முடிய வேண்டும் என்று சென்னைப் பதிப்பகத்தின் ஆசிரியர் கிருபாகரன் சொல்லியிருக்கிறார். நூலாசிரியர் டாக்டர் ஹார்ட்மூட் வெண்டே. வயது எண்பத்தொன்று. பெர்லினுக்கு வடக்கே ஒரு சிற்றூரில் தனியாக இருக்கிறாராம்.

கிருபாகரன் ஒரு முறை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் நான் ‘சந்தேகத் தாள்’ அனுப்ப வேண்டும். வரிசை எண், பக்கம், கேள்வி, பதில் என்று நான்கு கட்டம். அடுத்த புதனுக்குள் நூலாசிரியர் பதில் கட்டத்தை நிரப்பித் திருப்பி அனுப்புவார். நல்ல முறை. எழுத்தில் இருந்தால் பிற்பாடு யாரும் மறுக்க முடியாது.

ஜூன் மாதம் கல்லூரியில் என் கௌரவ விரிவுரையாளர் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அதனால் நேரம் இருக்கிறது. இந்த நிலவடிவங்களில் ஒன்றைக்கூட நான் நேரில் கண்டதில்லை. இருபத்தைந்து வயதில் ஒரு வருடம் ஜெர்மனியில் படித்தேன். அங்கே நான் பார்த்தது நூலகமும் விடுதியும் இரண்டுக்கும் நடுவில் ஒரு தெருவும். இங்கே தஞ்சாவூரில், இந்த வாடகை வீட்டின் மொட்டை மாடியில் நின்றால் எந்தப் பக்கமும் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

4 பதிவுகள்.

செப்டம்பர் 6, வெள்ளி

முதல் தாள் அனுப்பினேன். ஆறு கேள்விகள்.

செப்டம்பர் 11, புதன்

பதில் வந்தது. தாளை அச்செடுத்து, பென்சிலால் கையெழுத்தில் நிரப்பி, ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார். சாய்வில்லாத, நேரான எழுத்து.

கேள்வி 2, ருண்ட்ஹோக்கர் பற்றியது. பனியாறு தேய்த்து மழமழவென்று ஆக்கிய பாறை மேடு. பனி எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கம் சரிவாக இருக்கும். எதிர்ப்பக்கம் பனி கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனதால் செங்குத்தாக இருக்கும். ஆங்கிலேயர்கள் இதற்குப் பிரெஞ்சுச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். அம்புக்குறியோடு படம் போட்டிருந்தார். தெளிவான படம்.

கேள்வி 5, டோட்டைஸ்லொஹ். பனியாறு பின்வாங்கும்போது ஒரு பெரிய பனிக்கட்டி மண்ணுக்குள் புதைந்து தங்கிவிடுகிறது. மேலே புல் முளைத்து, மரம் வளர்ந்து, எல்லாம் சமதளம் போலத் தெரியும். எத்தனையோ காலம் கழித்து உள்ளே அது உருகும். நிலம் உட்கார்ந்து குளமாகும். ஆங்கிலத்தில் ‘கெட்டில் ஹோல்’. பதிலுக்குக் கீழே, கேட்காமலே, எழுதியிருந்தார்: “என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இப்படி ஒரு குளம் இருக்கிறது. அதில் ஓர் அளவுகோல் நட்டு 1994 முதல் தினமும் காலை ஏழு மணிக்கு நீர்மட்டம் பார்க்கிறேன். இன்று 64 சென்டிமீட்டர்.”

மொழிபெயர்ப்புக்குத் தேவையில்லாத தகவல். குறித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 18, புதன்

பதில்கள் வந்தன. நீர்மட்டம் 63.

செப்டம்பர் 25, புதன்

62. முடித்தது 5 பதிவுகள். மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழே வீட்டுக்கார அம்மா அமிர்தவல்லியிடம் சொன்னேன். மோட்டார் போட்டார். வேலை நேரத்தில் மேலே வந்து கதவைத் தட்ட வேண்டாம் என்று சென்ற மாதம் அவரிடம் சொல்லியிருந்தேன். அதனால் படியிலிருந்தே “வருதா?” என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 4, வெள்ளி

தாளில் பதினொரு கேள்விகள். இவற்றில் நான்குக்கு விடை என் அகராதியிலேயே இருக்கிறது. ஆனால் அகராதி 1960களுடையது. நூலாசிரியர் உயிரோடு இருக்கும்போது அவரைக் கேட்பதுதான் நம்பகமானது.

அக்டோபர் 17, வியாழன்

கிருபாகரன் தொலைபேசியில் வந்தார். வேலையின் வேகம் அவருக்குத் திருப்தி. ஒன்று மட்டும் கேட்டார்.

“வழக்கமா போகப் போக சந்தேகம் கொறையும் மேடம். உங்களுக்கு ஏறிக்கிட்டே போகுதே. புஸ்தகம் அவ்ளோ கஷ்டமா?”

ஆர்வக்கோளாறு இல்லை, கவனம் என்றேன். அவர் சிரித்தார். நான் ஆர்வக்கோளாறு என்று அவர் சொல்லவே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நேற்றைய தாளில் 61. குளத்துக்குப் போகும் வழியில் ஒரு நரி எதிரே வந்து நின்று அவரைப் பார்த்துவிட்டுப் போனதாம்.

அக்டோபர் 23, புதன்

61.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. நேற்று வந்த தாளிலும் 61. 

அமிர்தவல்லி அம்மா ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்தார். விடுமுறைநாள் என்பதால் கதவைத் தட்டலாம் என்று தீர்மானித்திருக்கிறார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினார். 

“மாடியில தனியா இருக்காங்களேன்னு எங்க நாத்தனார் கேட்டா. அவங்க எங்க தனியா இருக்காங்க, நாள் பூரா கம்ப்யூட்டர்ல எவனோ வெள்ளைக்காரன்கூட சண்ட போட்டுக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேன்.”

வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் பழக்கம், சண்டை இல்லை என்று விளக்கினேன். ஜெர்மன் கேட்பதற்கு அப்படித்தான் இருக்கும் என்றும் சொன்னேன்.

“சரி, அவருக்கும் ரெண்டு முறுக்கு அனுப்பிவிடுங்க,” என்றார்.

3 பதிவுகள்.

நவம்பர் 8, வெள்ளி

நேற்றிலிருந்து மழை. இந்த வாரப் பகுதியில் கடினமான சொல் எதுவும் இல்லை. மத்தியானம் வரை தேடியும் அனுப்புவதற்கு ஒரு கேள்வி தேறவில்லை. வெற்றுத் தாள் அனுப்பினால் அவருக்கு அந்த வாரம் வேலையில்லை; பதிலும் வராது.

முதல் தாளின் 2ஆம் கேள்வியை, பாறை மேட்டைப் பற்றியதை, சொற்களை மாற்றி மறுபடி கேட்டிருக்கிறேன். சரிபார்ப்பு. எந்த ஆய்விலும் ஒரு அளவீட்டை இரண்டு முறை எடுப்பதுதான் முறை.

நவம்பர் 13, புதன்

ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். மொத்தத்துக்கும் ஒரே கேள்விதான் என்பதால் இருக்கலாம். “மிக நல்ல கேள்வி, இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை” என்று தொடங்குகிறது. மாணவராக இருந்தபோது ஸ்வீடனில் அப்படி ஒரு பாறையின் மேல் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டதை எழுதியிருக்கிறார். வெயிலில் பாறை சூடாக இருந்ததாம்.

பழைய கேள்வி என்று தெரிந்தும் காட்டிக்கொள்ளவில்லை. பண்புள்ள மனிதர்.

நான்கு முறை படித்தேன். மூன்றாவது முறைதான் அவர் மறுபடி போட்டிருந்த படத்தைக் கவனித்தேன். அம்புக்குறி செங்குத்துப் பக்கத்திலிருந்து வருகிறது. பனி தலைகீழாக நகர்கிறது. கை தவறியிருக்கும். ஆங்கிலத்தில் சரியாகவே வைத்துவிட்டேன்.

நீர்மட்டம் 61.

நவம்பர் 22, வெள்ளி

டோட்டைஸ்லொஹ் கேள்வியை மறுபடி அனுப்பினேன். இந்த முறை ஏன் அனுப்பினேன் என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 27, புதன்

“என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இப்படி ஒரு குளம் இருக்கிறது. நீங்கள் அறிய வாய்ப்பில்லை,” என்று எழுதியிருக்கிறார். அளவுகோல் நட்டது 1978இல் என்கிறார். இன்று 61.

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். அக்டோபர் 16இலிருந்து ஏழு வாரம் 61. அங்கேயும் இது மழைக்காலம். எந்தக் குளமும் ஏழு வாரம் ஒரு சென்டிமீட்டர்கூட நகராமல் இருக்காது.

நவம்பர் தாள்களில் இன்னும் ஐந்து பதில்களில் சிறு பிழைகள் இருந்தன. அவற்றையும் நானே திருத்தி எழுதியிருக்கிறேன். கிருபாகரனிடம் சொல்லவில்லை. பதிப்பகத்துக்கு அனுப்பும் படிவத்தில் “நூலாசிரியர் ஒப்புதல்” என்ற கட்டத்தில் ஆம் என்று போட்டேன்.

பதிவு எதுவும் முடிக்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

ஹானோவரிலிருந்து காத்ரின் என்பவரின் மின்னஞ்சல். டாக்டர் வெண்டேயின் ஒரே மகள். என் முகவரியை அப்பாவின் மேசையில் கிடந்த தாள்களிலிருந்து எடுத்தாராம். சுருக்கமாக, நேரடியாக எழுதியிருக்கிறார்.

அக்டோபரில் ஒரு காலை அவருடைய அப்பா வீட்டுச் செருப்போடு வயல் பாதையில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிவந்தார். குளத்துக்குப் போவதாகச் சொன்னார். நின்ற இடம் குளத்துக்கு எதிர்த்திசை. மகள் வந்தபோது மிகத் தெளிவாகப் பேசினார். மருத்துவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, வயதுக்கு நன்றாகவே இருக்கிறார் என்றார். விருந்தாளிகள் முன்னால் ஒரு மணி நேரம் சமாளிக்க அப்பாவுக்குத் தெரியும். அதற்கு மேல் அவரோடு யாரும் இருப்பதில்லை.

கடைசிப் பத்தியை அப்படியே எழுதிவைக்கிறேன். “மூன்று மாதமாக வாரம் தவறாமல் அவரோடு எழுத்தில் தொடர்பு வைத்திருப்பவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். ஏதாவது கவனித்தீர்களா? பனி விழத் தொடங்கிவிட்டால் வழி தவறுகிறவருக்கு ஒரு இரவு போதும். ஜனவரியில் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைக்கும், ஆனால் காரணம் இல்லாமல் அவரை அந்த வீட்டிலிருந்து பெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. நான் எழுதியது அவருக்குத் தெரியாது.”

டிசம்பர் 3, செவ்வாய்

காத்ரினுக்கு ஒரு வரைவு எழுதினேன்: “தொழில்நுட்பக் கேள்விகளுக்கு அவருடைய பதில்கள் பொதுவாகத் திருப்திகரமாக உள்ளன.” பொய் இல்லை. நூற்று இருபது பதில்களில் ஏழோ எட்டோதான் பிழை. எண்பத்தொரு வயதில் யாருக்கும் வரக்கூடிய விகிதம்.

இரண்டு கேள்விகளை வைத்து ஒரு மனிதரைப் பற்றி முடிவு கட்டுவது அறிவியல் இல்லை.

அனுப்பவில்லை.

டிசம்பர் 4, புதன்

தாள் வந்தது. 61.

தொண்டை வலி.

டிசம்பர் 8, ஞாயிறு

நான்கு நாள் காய்ச்சல். வெள்ளிக்கிழமைத் தாள் போகவில்லை. இன்று மத்தியானம்தான் கதவைத் திறந்தேன். கீழே போய் ரசம் சாதம் கேட்டேன், இதுவரை கேட்டதில்லை. அமிர்தவல்லி அம்மா போட்டார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேசினார்.

“ரெண்டு நாளா மோட்டார் போட்டும் மேல குழாய் தொறக்கிற சத்தமே இல்ல. மாவு பாக்கெட்டுக்காரன் வச்ச பாக்கெட்டும் அப்பிடியே கெடக்கு. படி ஏறி வந்து கதவுகிட்ட நின்னேன் மேடம். தட்டலாமான்னு. நீங்க கோச்சுக்குவீங்களேன்னு எறங்கிட்டேன்.”

கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன் என்றேன்.

“கோச்சிருப்பீங்க,” என்றார். “ஆனா எனக்கு நேத்து பூரா சோறு எறங்கல. கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்னு தட்டியிருக்கணும். தப்பு எம்மேலதான்.”

தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே வந்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

எனக்கு ஒரு விஷயம் காய்ச்சலிலேயே தெரிந்திருந்தது. எழுதத்தான் இன்றுவரை ஆயிற்று. அவருடைய மறதிக்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. ஏனென்றால் வேறு யாரும் ஒரே கேள்வியை அவரிடம் இரண்டு முறை எழுத்தில் கேட்டிருக்க மாட்டார்கள். தாள்களை அனுப்பினால் காத்ரின் முதலில் கேட்பது, ஏன் இரண்டு முறை கேட்டீர்கள் என்பதாகத்தான் இருக்கும். சரிபார்ப்பு என்று சொல்லலாம். மருத்துவர் நம்புவார். ஆனால் முதல் முறை அது சரிபார்ப்பு இல்லை. அது எதுவென்று சொல்லாவிட்டால், நான் அவரைச் சோதித்தேன் என்று ஆகும். அவருக்கும் ஒருநாள் அப்படித்தான் தெரியவரும்.

பதினாறு ஆண்டு பாடம் நடத்தியவள். தேர்வுத்தாளில் ‘தெரியாது’ என்று எழுதும் மாணவியை எனக்குப் பிடிக்கும் என்று வகுப்பில் சொல்வது வழக்கம்.

எழுதினேன். செப்டம்பர், நவம்பர் தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்தேன். அம்புக்குறியைச் சுட்டினேன். நீர்மட்டங்களைத் தேதிவாரியாகப் பட்டியலிட்டேன். நான் திருத்தி மறைத்த பிழைகளையும் சேர்த்தேன். பிறகு இதை எழுதினேன்: “நவம்பர் 8ஆம் தேதிக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். தெரிந்தே மறுபடி கேட்டேன். எனக்கு வாரத்தில் வரும் ஒரே கடிதம் உங்கள் அப்பாவுடையது. அது ஒரு வாரம் வராமல் போவதை நான் விரும்பவில்லை. அவரைச் சோதிக்கும் எண்ணம் அப்போது இல்லை. 22ஆம் தேதி இருந்தது.”

ஜெர்மனில் எழுதியதால் எழுத முடிந்தது என்று நினைக்கிறேன்.

காலை 11.10க்கு அனுப்பினேன். பிறகு கிருபாகரனைக் கூப்பிட்டு, நவம்பர் முதல் வந்த பதில்களை வேறு ஒரு நிபுணர் பார்க்க வேண்டும், ஒப்புதல் கட்டத்தில் நான் போட்டது சரியல்ல என்றேன்.

“இத முன்னாடியே சொல்லிருக்கலாமே மேடம்,” என்றார்.

ஆமாம் என்றேன்.

டிசம்பர் 11, புதன்

எதுவும் வரவில்லை. நானும் எதுவும் அனுப்பியிருக்கவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

காத்ரின் எழுதியிருக்கிறார். தாள்களை வேறு ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார். இரண்டு நாள் பரிசோதனை. சந்தேகத்துக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜனவரி 8ஆம் தேதி இல்லத்துக்கு மாற்றம். அப்பா மிகவும் கோபப்பட்டார், யார் கொடுத்த தாள்கள் என்று கேட்டார். “உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தையும் படிக்கக் கொடுத்தேன். மன்னிக்கவும். அவரிடம் இனியும் எதையும் மறைக்க முடியவில்லை.”

என் கடிதத்தைப் பற்றிக் காத்ரின் வேறு எதுவும் எழுதவில்லை. நன்றி என்று மட்டும் இருந்தது.

6 பதிவுகள்.

டிசம்பர் 25, புதன்

7 பதிவுகள். இன்று புதன்கிழமை என்பதை இரண்டு முறை தேதி பார்த்து உறுதி செய்துகொண்டேன். எதற்கென்று தெரியவில்லை.

ஜனவரி 8, புதன்

அவர் இன்று வீடு மாறியிருப்பார். 

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கீழே சாப்பிட்டேன். கதவை இனித் தட்டலாம் என்று அமிர்தவல்லி அம்மாவிடம் சொன்னேன். “பாப்போம்,” என்றார்.

ஜனவரி 18, சனி

412. முடிந்தது. பெர்லினில் ஒரு பேராசிரியர் நவம்பர் பதில்களைப் பார்த்துத் தந்தார். நான் திருத்தியவை சரிதான். கிருபாகரன் அடுத்த புத்தகம் இருந்தால் சொல்கிறேன் என்றார். அவர் சொன்ன விதத்தில் இருக்காது என்று தெரிந்தது.

மத்தியானம் முழுவதும் மேசையைத் துடைத்தேன்.

ஜனவரி 22, புதன்

மாலை நான்கரை மணிக்கு ஒரு வெளிநாட்டு எண். காத்ரின். அப்பா உங்களோடு பேச வேண்டும் என்கிறார், பேசலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்றுதான் வந்தது.

நான்கரை மாதத்தில் அவர் குரலைக் கேட்டதில்லை. நான் நினைத்ததைவிட மெல்லிய குரல். என் பெயரை யஷோடாரா என்றார். இல்லத்தைப் பற்றிச் சொன்னார்: அறை மேற்குப் பார்த்தது, சாப்பாட்டில் உப்பு இல்லை, ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம், முற்றிலும் சமதளம். நான் மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயாரித்திருந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“நவம்பரில் அந்தப் பாறை மேட்டைப் பற்றித் திரும்பக் கேட்டீர்கள் அல்லவா? பழைய கேள்வி என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பதில் எழுதினேன். அந்த வாரம் எனக்கும் வேறு கடிதம் இல்லை.”

அவர் தலைகீழாகப் போட்ட அம்புக்குறி என் மேசையில்தான் இருக்கிறது. காத்ரின் தாள்களையும் என் கடிதத்தையும் அவரிடம் காட்டியிருக்கிறார். அதைப் படித்துத் தெரிந்துகொண்டதா, நவம்பரிலேயே தெரிந்ததா என்று பிரித்துச் சொல்ல எந்த வழியும் இல்லை. நான் வழி தேடவும் இல்லை. “அப்படியா,” என்றேன்.

“ஆமாம். அடுத்ததை மறந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.” பிறகு சொன்னார்: “இன்று புதன்கிழமை. இந்த வாரத் தாள் எனக்கு வரவில்லையே.”

புத்தகம் முடிந்துவிட்டது என்று அவருக்கு மகள் சொல்லியிருப்பார். பலமுறை சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இருந்த காத்ரின் அதைத் திருத்தவில்லை.

“வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்,” என்றேன்.

ஜனவரி 24, வெள்ளி

பதினொரு கேள்விகள். காலை பத்து மணிக்கு அனுப்பினேன். இவை எல்லாவற்றுக்கும் எனக்கு விடை தெரியும் என்று தாளின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.